ஏழு செண்டுமல்லி இதழ்கள்

ஜகதாம்பாளுக்குக் கண் திறந்தது அறுபது வயதுக்கு மேல்தான். அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பிறர் எழுதிய கோப்புகளில் பிழை தேடுவதே வேலையாக இருந்ததால், பார்ப்பது என்றாலே குறை பார்ப்பது என்று பழகிப் போயிருந்தது. ஓய்வு பெற்ற மறு ஆண்டு ஹைதராபாத்திலிருந்து மகன் ஒரு நல்ல கைப்பேசி வாங்கி அனுப்பினான். கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போன ஒரு காலையில், டீக்கடை வாசலில் குவிந்து கிடந்த உடைந்த மண் கோப்பைகளின் மேல் வெயில் விழுவதைக் கண்டு, ஏனென்று தெரியாமலே அதைப் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், குப்பையாகக் கிடந்தது படத்துக்குள் ஒரு சின்னச் செம்மலைத் தொடராக எழுந்து நின்றது.

அன்று பிடித்த பித்து அது. குழாயடிச் சோப்பு நுரை, டிராம் கம்பியில் வரிசையாகத் தொங்கும் மழைத்துளி, ரிக்‌ஷாக்காரர் தலைக்கு வைத்துத் தூங்கும் துண்டின் மடிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. நாற்பது ஆண்டுகளாக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன மீன்கடையில்கூட நின்று, தட்டில் ஒட்டியிருந்த செதில்களை எடுத்தாள். மீன்காரர் சிரித்துக்கொண்டே, "மாஷிமா, நீங்க வாங்கப் போறதில்லேன்னு தெரியும். போட்டோவுக்காவது நல்ல மீனாக் காட்டறேன், இருங்க" என்று, பெரியம்மா முறை வைத்து வங்காளத்தில் சொல்லி ஒரு பெரிய கட்லாவைத் தூக்கிக் காட்டினார்.

தினம் ஒரு படம், அதற்கு ஒரு வரி. காலை ஏழு மணிக்குள் அது 'கல்கத்தா நம்மவர்' என்னும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்துவிடும். அதில் நூற்று நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பெஹாலா பகுதியிலிருந்து ராகவேந்திரன் முதல் ஆளாக "அபாரம்" என்று எழுதுவார். குழுவை நடத்துபவர் அவர்தான். பிறகு கைதட்டல்களும் பூங்கொத்துகளும் வரும். படத்தைப் போட்டவுடன் ஜகதாம்பாள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். பூஜை முடியும்வரை தொடுவதில்லை. அதைத் தன் அடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில், பாராட்டுகள் சேர்ந்து குவிந்த பிறகு ஒரே மூச்சில் அள்ளிப் பருகுவதில் ஒரு தனி ருசி இருந்தது.

எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் நாகலக்ஷ்மி இருந்தாள். அவளும் அவள் கணவர் அனந்தகிருஷ்ணனும் ஜகதாம்பாளுக்கு இருபது ஆண்டு அண்டை வீட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஜகதாம்பாளின் கணவர் காலமானபோது, பதின்மூன்று நாளும் அவளுக்குச் சோறு போட்டவள் நாகலக்ஷ்மி. அவள் வீட்டு வாசலில் இரண்டு சிவப்புச் சிமெண்டுப் படிகள் இருந்தன. விடிந்ததும் அவற்றைக் கழுவிக் கோலம் போடுவாள். அந்தக் கோலத்தை ஜகதாம்பாள் பலமுறை எடுத்துக் குழுவில் போட்டிருந்தாள். ஆகவே, அந்தப் படிகள் யார் வீட்டுப் படிகள் என்று நூற்று நாற்பது குடும்பங்களுக்கும் தெரியும்.

காளி பூஜை முடிந்த வாரம், அனந்தகிருஷ்ணனுக்கு இதய அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். அதுவும் எல்லாருக்கும் தெரியும். பெங்களூரிலிருந்து மகன் அபினவ் வந்திருந்தான். அவர்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த ரஞ்சன் இரத்தம் கொடுத்திருந்தார். இரவெல்லாம் மருத்துவமனையில் இருந்துவிட்டு விடியற்காலையில் நாகலக்ஷ்மி வீடு திரும்பினாள். குளித்துவிட்டுப் பதினொரு மணிக்கு மறுபடி போவதாக ஏற்பாடு. பழக்கத்தில் வாசலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கோலமாவை எடுக்குமுன் உள்ளே தொலைபேசி அடித்தது. ஓடினாள். அப்பாவை உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று அபினவ் சொன்னான். அதன்பின் அவளுக்கு வாசல் நினைவே இல்லை.

பூப்பொட்டலத்தோடு ஜகதாம்பாள் சந்துக்குள் நுழைந்தபோது மணி ஆறரை. கழுவிய சிவப்புப் படியில் தண்ணீர் இன்னும் கண்ணாடியாக நின்றது. அதற்குள் மாடி பால்கனியின் இரும்புப் பூவேலை தலைகீழாகத் தெரிந்தது. அதன் நடுவே வெளிர்நீல வானம் ஒரு துண்டு. மேலே ரஞ்சனின் மனைவி ஸ்மிதா வளர்க்கும் செண்டுமல்லித் தொட்டியிலிருந்து உதிர்ந்த ஓர் இதழ் அந்த வானத்தின் ஓரத்தில் மிதந்தது. ஜகதாம்பாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். படம் எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஓர் இதழ் போதவில்லை.

பொட்டலத்தைப் பிரித்து ஒரு செண்டுமல்லியைக் கிள்ளினாள். ஏழு இதழ்களை எடுத்து, ஒன்று, இரண்டு என்று அங்கங்கே போடத் தொடங்கினாள்.

ஐந்தாவது இதழைப் போடும்போது அவள் கை நின்றது. கழுவிய வாசல், கோலம் இல்லை, ஈரத்தில் ஒட்டிய செண்டுமல்லி. இந்தக் காட்சியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவளுடைய வாசலே இப்படித்தான் இருந்தது. அந்த நினைவு வந்தது, சுட்டது, கடந்தும் போயிற்று. ஏனெனில் கைப்பேசித் திரையில் அந்த ஆரஞ்சுப் புள்ளிகள் நீலத்தின்மேல் அத்தனை அழகாக இருந்தன. மிச்ச இரண்டு இதழ்களையும் போட்டுவிட்டு எடுத்தாள். "வெறும் வாசலும் ஓர் அழகு" என்று ஒரு வரி எழுதிக் குழுவில் போட்டாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். குளிக்கப் போனாள்.

மின்னுவதையெல்லாம் கொண்டுவந்து கூட்டில் வைக்கும் காகம் ஒன்று இருந்ததாம். கண்ணாடித் துண்டு, பித்தளைப் பொத்தான், மிட்டாய்த் தாள் என்று சேர்த்த காகம், ஒருநாள் அடுப்பங்கரைச் சாம்பலில் ஒரு நெருப்புக் கங்கைக் கண்டது. சேர்த்த எல்லாவற்றையும்விட அழகாக மின்னுகிறதே என்று கவ்விப் பறந்தது. வழியில் அலகு சுட்டது. வாயைத் திறந்துவிட்டது. எரிந்தது காகத்தின் கூடு அல்ல. கீழ்க்கிளையில் குருவி ஒன்று கட்டியிருந்த கூடு.

ஜகதாம்பாள் பூஜையை முடித்துக் கைப்பேசியைத் திருப்பியபோது மணி எட்டரை. அறுபத்து மூன்று செய்திகள் வந்திருந்தன. இதுவரை இத்தனை வந்ததில்லை. மகிழ்ச்சியோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஓம் சாந்தி" என்றிருந்தது முதல் செய்தி. அடுத்ததும் அதுவே. அதற்கடுத்து ராகவேந்திரன்: "அனந்தகிருஷ்ணன் ஆபரேஷனுக்கு முன்பே போய்விட்டார் போலும். அவர் வீட்டில் திவசம் தை மாதம்தான் வரும், எனக்குத் தெரியும். எனவே கோலம் இல்லாததற்கு வேறு காரணம் இல்லை. நானும் ராஜம்மாவும் புறப்பட்டுவிட்டோம். யாரும் போன் செய்து தொந்தரவு செய்ய வேண்டாம்."

அதுதான் வழக்கம். சாவு வீட்டுக்கு யாரும் போன் செய்து கேட்பதில்லை. கூப்பிடாமல் போவார்கள், பேசாமல் உட்கார்வார்கள், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவார்கள். கோலம் இல்லாத வாசல் என்ன சொல்லும் என்று தமிழ்நாட்டைப் பார்த்தே இராதவர்களுக்கும் அங்கே தெரிந்திருந்தது. அது அழைப்பு. எழுதி அனுப்பியவள் ஜகதாம்பாள்.

அவள் முதலில் செய்த காரியம் படத்தை அழித்தது. அதை நினைத்துப் பின்னால் பலமுறை கூசினாள். எதிர்வீட்டுக்கு ஓடியிருக்கலாம். தவறு என்று குழுவில் இரண்டு சொல் எழுதியிருக்கலாம். அவள் விரலோ தன் தடயத்தைத்தான் முதலில் தேடியது. அழித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாகலக்ஷ்மி வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன.

வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள். கூடத்தில் ராகவேந்திரன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் ஐந்தாறு பேர் சுவரோரமாக இருந்தார்கள். நடுவில், தலையில் ஈரத்துண்டு சுற்றியபடி நாகலக்ஷ்மி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ராகவேந்திரனின் மனைவி ராஜம்மா அழுதுகொண்டிருந்தாள். நாகலக்ஷ்மி அழவில்லை. மடியில் இருந்த கைப்பேசியில் மகனின் எண்ணை அழுத்துவதும், பதில் இல்லாமல் மறுபடி அழுத்துவதுமாக இருந்தாள்.

"ஜகதா மாமி, நீங்களும் வந்துட்டேளா" என்றாள். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் யாரும் சொல்லலை. அபினவ் போனை எடுக்க மாட்டேங்கறான். எப்படிச் சொல்றதுன்னு இருக்கான் போல."

"நாகு, ஒண்ணும் ஆகலைடி. நான் காலம்பற போட்ட படத்தைப் பார்த்துட்டு எல்லாரும் வந்திருக்கா. வேற ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் ஆகலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அறுவை நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத்தக்கவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. ராகவேந்திரன் நிமிர்ந்து, "அப்போ... உங்களுக்கு யாரும்... ஆஸ்பத்திரிலேருந்து..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். ராஜம்மா அழுகையை நிறுத்திவிட்டு நாகலக்ஷ்மியின் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்தபடியே இருந்தாள்.

நாற்பது நிமிடம். மாடியிலிருந்து இறங்கி வந்த ரஞ்சன் மருத்துவமனை எண்ணுக்குப் போட்டு, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றிவிடப்பட்டுக்கொண்டே இருந்தார். ஸ்மிதா கீழே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மேலே போய் எல்லாருக்கும் தேநீர் போட்டாள். ஜகதாம்பாள் கதவோரமாக நின்றாள். உட்கார அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஒன்பதரைக்கு அபினவ் கூப்பிட்டான். நாகலக்ஷ்மி அவசரத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட, அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, என்ன இது, இருபத்தாறு மிஸ்டு கால்? போனை உள்ளே விடமாட்டேன்னுட்டா, லாக்கர்ல வெச்சிருந்தேன். இப்பத்தான் டாக்டர் வந்து சொன்னார், எல்லாம் நன்னாப் போயிண்டிருக்காம். இன்னும் ஒன்றரை மணி நேரம். நீ குளிச்சியா, சாப்பிட்டியா?"

அப்போதுதான் நாகலக்ஷ்மி அழுதாள். அப்படி ஓர் அழுகையை அந்தச் சந்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ராகவேந்திரன் பழக்க தோஷத்தில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைவரை போய்விட்டார். பிறகு திடுக்கிட்டுத் திரும்பி வந்து, வாசலில் நின்று உரக்க, "போயிட்டு வரோம்மா. போயிட்டு வரோம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

"இந்த மனுஷனுக்குக் கண்ணால ஒண்ணைப் பார்த்தாப் போறும், உடனே டாக்ஸியைக் கூப்பிட்டுடுவார்" என்றாள் ராஜம்மா. பிறகு ஜகதாம்பாளின் தோளைத் தொட்டு, "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கோ. இருந்ததைத்தானே எடுத்தேள்? உங்க பேர்ல என்ன தப்பு?" என்றாள்.

இருந்ததை. ஜகதாம்பாள் வாயைத் திறந்தாள். அதற்குள் நாகலக்ஷ்மி வாசலுக்கு வந்துவிட்டாள். காய்ந்த படியில் ஒட்டிக் கிடந்த இதழ்களைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி மாடித் தொட்டிகளைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, காலிக் கோப்பைகளை எடுக்கத் தட்டோடு ஸ்மிதா வந்து நின்றாள்.

"உன் செடிதான்" என்றாள் நாகலக்ஷ்மி வங்காளத்தில். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பூ எல்லாம் என் வாசல்ல கொட்டறதுன்னு? இன்னிக்குன்னு பார்த்து எப்படிக் கொட்டியிருக்கு பார். என் புருஷன் உயிரோட இருக்கும்போது என்னை உக்கார வெச்சுத் துக்கம் விசாரிச்சுட்டுப் போறா."

ஸ்மிதாவின் முகம் வெளுத்தது. "மன்னிச்சுக்குங்க காகிமா" என்று மட்டும் சொன்னாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அன்று மாலையே அவளுடைய ஒன்பது தொட்டிகளும் பால்கனியை விட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டன.

அவள் திட்டு வாங்கியபோது இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தவள் ஜகதாம்பாள். வாய் மூடியே இருந்தது. ஓர் இதழ் மாடியிலிருந்து விழுந்தது உண்மைதானே என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கோப்புகளில் இத்தகைய பாதி உண்மைகளைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டமிடுவதுதான் முப்பத்தைந்து ஆண்டுகளாக அவள் செய்த வேலை.

அனந்தகிருஷ்ணன் பிழைத்தார். அறுவை நன்றாக முடிந்தது. குழுவில் எல்லாரும் நிம்மதியாகிப் பழையபடி பேசத் தொடங்கினார்கள். காலைப் படம் மட்டும் வரவில்லை. "மாமி, நீங்க தப்பே பண்ணலை, மறுபடி போடுங்கோ" என்று நாளுக்கு நாலு பேர் எழுதினார்கள். ஒவ்வொரு ஆறுதலும் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்தியது. நாகலக்ஷ்மியோ அவளிடம் முன்னைவிட அன்பாக இருந்தாள். மருத்துவமனைக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஸ்மிதா கொண்டுவந்த மாதுளம்பழத்தை மட்டும், கதவைப் பாதி திறந்து, "வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்பினாள். இரத்தம் கொடுத்த வீட்டாரிடம் அப்படி நடந்துகொள்ளும் அளவுக்கு அந்தப் பயம் அவளை ஆட்டிவைத்திருந்தது.

ஜகதாம்பாளின் ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு மொட்டைமாடி தெரியும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒன்பது பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. பால்கனி என்றால் ஸ்மிதா வேலைக்குப் போகுமுன் ஒரு சொம்பு ஊற்றிவிடுவாள். மூன்று மாடி ஏறுவதற்கு அவளுக்குக் காலையில் நேரம் இல்லை. ஆறாம் நாள் இரண்டு செடிகள் தலை சாய்ந்துவிட்டன. ஏழாம் நாள் மாலை, சாய்வெயில் பட்டு, அந்தக் காய்ந்த தண்டுகள் பொன்கம்பிகளாக நின்றன. கருகிய பூ ஒன்று செம்பில் வார்த்ததுபோல் இருந்தது.

அவள் கை கைப்பேசியை எடுத்துவிட்டது. உயர்த்தியும்விட்டது. திரையில் அந்தப் பூ தெளிவதைப் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கைப்பேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு, அது ஏதோ ஒட்டும் பொருள்போல, புடைவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அனந்தகிருஷ்ணன் வீடு திரும்பினார். மத்தியானம் அவர் தூங்கியதும் ஜகதாம்பாள் போனாள். நாகலக்ஷ்மி சமையலறைத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜகதாம்பாள் எதிரில் உட்கார்ந்து, கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினாள். குழுவிலிருந்து அழித்தவள் தன்னிடம் இருந்ததை அழிக்கவில்லை.

"இது முதல்ல எடுத்தது. ஒரு இதழ்தான் இருக்கு. அது மேலேருந்து விழுந்தது. இது ரெண்டாவது. இதுல எட்டு. ஏழு நான் போட்டது, நாகு. ஸ்மிதா செடி இல்லை. என் கைப்பூ."

நாகலக்ஷ்மி கீரையைக் கீழே வைத்தாள். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே கை ரிக்‌ஷா ஒன்றின் ஒலி வந்து தேய்ந்தது.

"எதுக்குப் போட்டேள்?"

"அழகா இருக்கும்னு."

"போடறப்போ உங்களுக்கு ஒண்ணும் தோணலையா மாமி?"

இங்கேதான் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. தோணலை என்று ஒரே சொல். நாகலக்ஷ்மி அதைத்தான் எதிர்பார்த்தாள். அந்தச் சொல்லுக்காக அவள் முகம் காத்திருந்தது. தோணலை என்றால் அசட்டுத்தனம். அசட்டுத்தனத்தை இருபது ஆண்டுச் சிநேகம் மன்னித்துவிடும்.

"தோணித்து" என்றாள் ஜகதாம்பாள். "அவர் போன அன்னிக்கு எங்காத்து வாசல் இப்படித்தான் இருந்தது. அது ஞாபகம் வந்தது. வந்தும் மேல ரெண்டு இதழ் போட்டேன்."

நாகலக்ஷ்மி கீரைக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆய்ந்த கீரையையும் தண்டையும் மறுபடி ஒன்றாகக் கலந்து, திரும்பவும் பிரிக்கத் தொடங்கினாள். உள்ளேயிருந்து அனந்தகிருஷ்ணனின் இருமல் கேட்டது. இருவரும் அது நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

"நாற்பது நிமிஷம்" என்றாள் நாகலக்ஷ்மி கடைசியில். "அந்த நாற்பது நிமிஷத்துல அவர் சட்டையெல்லாம் யாருக்குக் கொடுக்கறதுன்னு வரைக்கும் யோசிச்சுட்டேன் நான். அதை உங்களால திருப்பி எடுத்துக்க முடியாது."

"முடியாது."

"அந்தப் பொண்ணை வேற நான் வாயில வந்தபடி பேசிட்டேன். டீ போட்டுக் குடுத்தவளைப் போய்." அவள் எழுந்து கையைக் கழுவினாள். "முதல்ல மேலே போய் அவகிட்டச் சொல்லுங்கோ. நான் அப்புறமா வந்து என் பங்கைச் சொல்லிக்கறேன். என் முகத்தைப் பார்த்துண்டு இங்கே உக்கார வேண்டாம் இப்போ."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஜகதாம்பாளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையாதலால் ஸ்மிதா வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்தவளிடம், உள்ளே போகாமல் நிலையருகே நின்றபடியே, வங்காளத்தில் ஜகதாம்பாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வேற்றுமொழியில் குற்றத்தை ஒப்புக்கொள்வது எளிது என்று அவள் நினைத்திருந்தாள். சொற்கள் குறைவாக இருந்ததால், சுற்றி வளைக்க இடமில்லாமல் அது இன்னும் கடினமாக இருந்தது.

ஸ்மிதா கதவைப் பிடித்தபடி கேட்டாள். "எட்டு நாள் மாஷிமா" என்றாள். "எட்டு நாளும் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? வேலைக்குப் போறப்போ கீழேருந்து நான் பார்ப்பேன். நீங்க மாடியைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க."

"ஆமாம்."

"ரெண்டு செத்துப் போச்சு."

"தெரியும். தொட்டியெல்லாம் கீழே கொண்டுவரட்டுமா? நானே கொண்டுவரேன்."

"உங்களுக்கு முழங்கால் வலி."

"இருக்கட்டும்."

ஸ்மிதா கதவிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போய் மொட்டைமாடிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜகதாம்பாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். முதல் தொட்டியைத் தூக்கியபோது மண் காய்ந்து கல்லாக இருந்தது. இறுகிய மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, குழாயில் நீர் பிடித்து ஊற்றி, அது உறிஞ்சுவதைக் கேட்டபடி நின்றாள். பிறகு வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். சேறு வழிந்து புடைவையெல்லாம் ஆயிற்று.

மூன்றாவது தொட்டிக்காக அவள் ஏறும்போது, முதல் இரண்டையும் பால்கனி ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்துவிட்டு ஸ்மிதாவும் பின்னாலேயே ஏறி வந்தாள். பெரிய தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, பக்கவாட்டில் நடந்து படிக்கட்டின் வளைவுக்கு வந்தார்கள். தொட்டியிலிருந்து சொட்டிய நீர் அவர்களுக்கு முன்னால் படி படியாக இறங்கி ஓடியது.

கீழ்த்தளத்துக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு நாகலக்ஷ்மியின் குரல், கோபம் இன்னும் ஆறாமலேயே, மேலே வந்தது.

"பார்த்து இறங்குங்கோ ரெண்டு பேரும். படியெல்லாம் ஈரம்."